ஆமோஸ் சொன்ன நிலநடுக்கத்தைத் தேடி

திங்கள், கர்மேல் மலை

யாத்திரைக் குழுவோடு இஸ்ரேலுக்கு வந்தால் கர்மேலில் அரைமணி நேரம்தான் தருவார்கள். தீர்க்கதரிசி எலியாவின் சிலை முன்னால் ஒரு போட்டோ, ஒரு ஜெபம், திரும்ப பஸ். அதனால்தான் அண்ணாச்சியும் நானும் ஹைஃபாவில் ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொண்டோம். அண்ணாச்சி பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர், கல்லூரியில் ஜியாலஜி நடத்தி ஓய்வு பெற்றவர். நான் வேதப் புத்தகத்தோடு வந்திருக்கிறேன், அவர் சுத்தியலும் பூதக்கண்ணாடியுமாக வந்திருக்கிறார். விமான நிலையத்தில் அந்தச் சுத்தியலுக்குக் கால்மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

பயணத்தின் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமிக்கு அடுத்த வாரங்களில் ஒரு கூட்டத்தில், கடல் வந்தது பாவத்துக்கான நியாயத்தீர்ப்பு என்று ஒருவர் முழங்கினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள். கையில் அவர் வைத்திருந்தது எபிரெயத் தீர்க்கதரிசிகளின் வசனங்கள். எலியா, ஆமோஸ், ஓசியா, யோவேல், எரேமியா என்று பழைய ஏற்பாட்டில் கடவுளின் பேரால் பேசியவர்கள். மழை, வறட்சி, வெட்டுக்கிளி, நிலநடுக்கம் எல்லாம் கடவுளின் தீர்ப்பாக வரும் என்று அவர்கள் பேசியது உண்மைதான். ஆனால் இப்படியா பேசினார்கள்? அவர்கள் நின்று பேசிய மண்ணிலேயே வைத்து வாசித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்த ஏற்பாடு.

முக்ராகா என்பது மலையின் தென்கிழக்கு முனை. கர்மேல் சபைத் துறவிகளின் மடம் ஒன்று இருக்கிறது, மொட்டை மாடிக்கு ஏறலாம். கீழே யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு முழுவதும் கட்டம் கட்டமாக வயல். கோதுமை பழுக்க ஆரம்பித்துவிட்டது. எலியாவின் கதையில், ஆகாப் ராஜாவின் நாட்டில் எலியா சொன்னபடியே மூன்று வருஷம் மழையில்லை. அந்த வறட்சி யாரைக் குறிவைத்தது என்று பாருங்கள். பாகால் மழைக்கும் இடிக்கும் தேவன். அவனை இறக்குமதி செய்தவள் சீதோனிலிருந்து வந்த ராணி. அவனுடைய இலாகாவிலேயே கைவைப்பதுதான் மழையை நிறுத்துவது. வறட்சி சீதோன் நாட்டுச் சாரிபாத் வரைக்கும் போகிறது, பாகாலின் சொந்த ஊர்ப்பக்கம்.

அங்கே ஒரு விதவை கடைசிக் கைப்பிடி மாவை அப்பமாகச் சுட்டுத் தின்றுவிட்டு மகனோடு சாகக் காத்திருக்கிறாள். அதே சமயம் ராஜா ஆகாப் அரண்மனை விசாரிப்புக்காரனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புல் தேடுகிறான், குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சாகாமல் காப்பாற்ற. ஏதோ சின்ன விவரம் என்று இதைத் தாண்டிப் போயிருக்கிறேன். கி.மு. 853-இல் கர்கார் என்ற இடத்தில் அசீரியாவை எதிர்த்து நின்ற கூட்டணிக்கு ஆகாப் 2000 ரதங்கள் கொண்டுவந்ததாக அசீரிய ராஜா கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். எண்ணிக்கை கொஞ்சம் ஊதியதாகவே இருக்கட்டும். குதிரை என்றால் படை. நாடு பட்டினி, ராஜாவுக்குப் படைக்குத் தீவனக் கவலை. எலியாவின் ஆத்திரம் யார்மேல் என்பது இதற்குமேல் தெளிவாக வேண்டுமா?

ராஜா முறை தவறினால் வானம் பெய்யாது என்று வள்ளுவரும் கொடுங்கோன்மை அதிகாரத்தில் சொல்கிறார். மாடியில் நின்று அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "மேகம் எங்கிருந்து வந்துச்சுன்னு போட்டிருக்கு?" என்றார். வறட்சி முடிகிறபோது எழும்பும் மழை மேகத்தைக் கேட்கிறார். கடலிலிருந்து, உள்ளங்கை அளவு என்றேன். "சரியா எழுதியிருக்கான். இந்த நாட்டுல மழைன்னா மேற்கேதான்."

செவ்வாய், ஆத்சோர்

கலிலேயாக் கடலுக்கு வடக்கே, 90-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற மேடு. மேடு என்றா சொன்னேன்? கீழ் நகரத்தையும் சேர்த்தால் 80 ஹெக்டேர், இஸ்ரேலில் இதைவிடப் பெரிய தொல்மேடு கிடையாது. 2005-இல் மெகிதோ, பெயெர்செபாவோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் மட்டும்.

1955-இலிருந்து 58 வரை யிகாயேல் யாதின் என்ற தொல்லியலாளர் இங்கே தோண்டினார். மேலிருந்து ஆறாவது அடுக்கில் வந்ததும் வீட்டுச் சுவர்கள் சாய்ந்தும் விரிசல் விட்டும் கிடந்தன. படையெடுப்பில் எரிந்த சாம்பல் இல்லை. கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. யாதின் உடனே ஆமோஸ் புத்தகத்தின் முதல் வசனத்துக்குப் போனார்: யூதாவின் ராஜா உசியாவும் இஸ்ரவேலின் ராஜா யெரொபெயாமும் ஆண்ட காலத்தில், பூமியதிர்ச்சிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஆமோஸ் கண்ட தரிசனம். (அப்போது தெற்கே யூதா, வடக்கே இஸ்ரவேல் என்று இரண்டு ராஜ்யங்கள்.) எந்தப் பூமியதிர்ச்சி என்று சொல்லவே இல்லை. புயலடித்த வருஷம் என்று நம் பெரியவர்கள் கணக்குச் சொல்வதுபோல, அப்படிச் சொன்னாலே எல்லோருக்கும் விளங்கியிருக்கிறது.

இப்போது பார்க்கக் கிடைப்பது தூண் வைத்த ஒரு வீடும் ஒரு கிட்டங்கியும். அவற்றுக்குக் கீழே தோண்ட வேண்டியிருந்ததால் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டிலேயே வேறிடத்தில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு இதில் வருத்தம். சாய்வை அதே இடத்தில் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. வெளியே வந்து சாலையோரமாகக் காரை நிறுத்தச் சொல்லி, வடக்கு தெற்காகக் கையை நீட்டிக் காட்டினார். சாக்கடலிலிருந்து கலிலேயாக் கடல் வழியாக லெபனான் பக்கம் போகிற பெரிய பிளவு இதுதான். கிழக்கே அரேபியத் தட்டு வடக்கு நோக்கி நழுவுகிறது, வருஷத்துக்கு 4, 5 மில்லிமீட்டர். சில இடங்களில் பூட்டிக்கொண்டு நிற்கும், சில நூறு வருஷத்தில் விட்டுப் பாயும். 749-இல் பாய்ந்தது, பெத்சான் நகரம் விழுந்தது. 1837-இல் சஃபேது, 1927-இல் நாப்ளுசும் எருசலேமும். ஆமோஸ் காலத்து அதிர்ச்சி ரிக்டரில் 8-ஐ ஒட்டி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. இடிந்த எல்லாச் சுவரையும் அதன் தலையில் கட்டக்கூடாது என்பவர்களும் உண்டு. அண்ணாச்சி இரண்டாவது கட்சி.

மதியம் ரோஷ் பின்னாவில் ஃபலாஃபெல் சாப்பிட்டுக்கொண்டே ஆமோஸ் புத்தகத்தை ஒரே மூச்சில் வாசித்தேன். சின்னப் புத்தகம்தான், ஒன்பது அதிகாரம். ஆறாவதில் பெரிய வீடு நொறுங்கும், சிறிய வீடு வெடிப்பு விடும் என்று வருகிறது. பெரிய வீட்டுக்காரன் செய்ததற்குச் சிறிய வீடு ஏன் விழ வேண்டும்? அந்தச் சுனாமிக் கூட்டத்தில் கேட்டவர்களுக்கும் இதே கேள்விதான். இதைச் சுற்றி வளைத்துச் சமாளிக்க எனக்கு மனமில்லை, விழுகிறது என்றுதான் வசனம் சொல்கிறது.

ஆனால் ஏழாவது அதிகாரத்துக்கு வாருங்கள். வெட்டுக்கிளிகள் உருவாவதை ஆமோஸ் தரிசனத்தில் பார்க்கிறார். ராஜாவின் புல்லறுப்பு முடிந்து, இரண்டாம் புல் முளைக்கிற சமயம். அதாவது ராஜா தன் பங்கை வெட்டிக்கொண்டு போயாகிவிட்டது, மிச்சம் குடியானவனுக்கு. அதைத்தான் பூச்சி தின்னப்போகிறது. உடனே ஆமோஸ் குறுக்கே விழுகிறார்: மன்னியும், யாக்கோபு (இஸ்ரவேல் ஜனத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்) சிறியவனாயிற்றே, எப்படிப் பிழைப்பான்? கர்த்தர் மனம் மாறுகிறார். அடுத்து நெருப்பு வருகிறது. மறுபடி அதே கெஞ்சல், மறுபடி நிற்கிறது. தீர்ப்பை அறிவிக்க வந்தவரே அதைத் தடுத்து வாதாடுகிறார், அதுவும் சிறியவன் பேரைச் சொல்லி. சுனாமி மேடையில் நான் இதைக் கேட்கவில்லை.

புதன், செபாஸ்தியா

நேற்று ராத்திரியே எருசலேம் வந்து காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இஸ்ரேலில் எடுக்கிற வாடகைக் காருக்குப் பாலஸ்தீனப் பகுதிகளில் பெரும்பாலும் இன்சூரன்ஸ் செல்லாது, போகிறவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தமஸ்கு வாசலில் ஒரு டாக்சிப் பெரியவரைப் பேசிக்கொண்டோம். வழியில் சோதனைச் சாவடியில் நின்றது பாதிக் காலை.

செபாஸ்தியா நாப்ளுசுக்கு வடமேற்கே இருக்கிற ஒரு கிராமம். அதன் தலைக்கு மேலேதான் சமாரியா, வட இஸ்ரவேலின் தலைநகர். ஒலிவ மரங்களுக்கு நடுவே ரோமர்களின் தூண்கள், ஏரோது கட்டிய கோயிலின் அகலப் படிகள். அவற்றை விட்டு மேலே போனால் ஆகாப் வீட்டாரின் அரண்மனை அடித்தளம். கல்லைக் கல்லோடு உரசிப் பொருத்தியிருக்கிறார்கள், இடையில் பிளேடு நுழையுமா என்பதே சந்தேகம். ஏழையிடம் தானிய வரி வாங்கிச் செதுக்கிய கல்லால் வீடு கட்டினீர்கள், அதில் குடியிருக்க மாட்டீர்கள் என்று ஆமோஸ் சொன்னது இந்த மாதிரிக் கல்லைத்தான். கையை வைத்துப் பார்த்தேன், வெயிலில் சுட்டது.

1930-களில் இங்கே தோண்டியவர்களுக்கு நூற்றுக்கணக்கில் தந்தச் சில்லுகள் கிடைத்தன. தாமரை, சிறகு முளைத்த மிருகங்கள், எகிப்திய தெய்வங்கள் எல்லாம் செதுக்கி, மரச்சாமான்களில் பதித்தவை. தந்தக் கட்டில்களில் படுத்துக்கொண்டு, மந்தையிலிருந்து ஆட்டுக்குட்டியையும் தொழுவத்திலிருந்து கன்றையும் தின்று, பெரிய கிண்ணங்களில் மது குடித்து, உயர்ந்த எண்ணெயைப் பூசிக்கொள்கிறவர்கள் என்று ஆமோஸ் திட்டுவது மிகைப்படுத்தல் என்று அதுவரை நினைக்க இடமிருந்தது. அதற்கும் முன்னால், 1910-இல், பானை ஓட்டில் மையால் எழுதிய கணக்குச் சீட்டுகள் கிடைத்திருந்தன, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இன்ன வருஷம், இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்கு, பழைய மது ஒரு ஜாடி, கழுவிய எண்ணெய் ஒரு ஜாடி. சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து தலைநகருக்கு ஏறிய மதுவும் எண்ணெயும்தான் அது. பெரும்பாலான ஆய்வாளர்கள் இவற்றை ஆமோஸின் காலத்துக்கே வைக்கிறார்கள்.

இந்தச் சீட்டுகளை மனசில் வைத்துக்கொண்டு நான்காம் அதிகாரத்தை வாசியுங்கள். பஞ்சம் வந்தது, நீங்கள் திரும்பவில்லை. அறுப்புக்கு மூன்று மாதம் இருக்கையில் மழையை நிறுத்தினேன், நீங்கள் திரும்பவில்லை. கருக்கல் நோய், விஷப்பனி, பூச்சி, கொள்ளைநோய், கவிழ்ந்துபோன ஊர்கள். ஐந்து தடவை அதே பல்லவி. மூன்று மாதம் என்பது சும்மா போட்ட கணக்கில்லை. இங்கே வாற்கோதுமை ஏப்ரலில், கோதுமை மே மாதம் அறுப்பு. மூன்று மாதம் முன்னால் என்றால் ஜனவரி, பிப்ரவரி. கதிருக்கு உயிர் தருகிற நடுமழை. அது நின்றால் பயிர் பச்சையாகவே நிற்கும், மணி பிடிக்காது. ஒரு வயலில் பெய்து அடுத்த வயலில் பெய்யாத மழையைப் பற்றியும் சொல்கிறார். விவசாயம் தெரிந்தவன் வாயிலிருந்து வருகிற பேச்சு.

எகிப்தில் நைல் பாய்ந்தால் போதும், மழையைப் பற்றிக் கவலையில்லை. இந்த மலைநாட்டில் ஆறு கிடையாது. அக்டோபர் மாதத்து முன்மாரியும் மார்ச், ஏப்ரல் பின்மாரியும் வந்தால்தான் வருஷம் ஓடும். மழையைக் கடவுளோடு செய்த உடன்படிக்கையின் அளவுகோலாக இவர்கள் வைத்துக்கொண்டதற்கு ஊரின் அமைப்பே பாதிக் காரணம்.

டாக்சிப் பெரியவர் கிராமத்து டீக்கடையில் சேஜ் இலை போட்ட டீ வாங்கித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "இந்த வருஷம் மழை எப்படிங்க ஐயா?" என்று அண்ணாச்சி ஆங்கிலத்தில் கேட்டார். கைவிரலை அசைத்து, பரவாயில்லை, ஒலிவுக்குப் போதும் என்றார்.

வியாழன், எருசலேம்

கிழவர்கள் இருவருக்கும் கால்வலி. தாவீதின் நகரம் மட்டும் பார்த்தோம். கோவில் மலைக்குத் தெற்கே இருக்கிற இந்தச் சரிவில், ஒரு வீட்டின் சுவரோரம் வரிசையாக நொறுங்கிக் கிடந்த பாத்திரங்களைக் கண்டெடுத்ததாகத் தொல்லியல் துறை 2021-இல் அறிவித்தது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. தீப்பிடித்த அடையாளமில்லை, அந்தச் சமயத்தில் எருசலேம்மீது படையெடுப்பு நடந்ததாகவும் தெரியவில்லை. ஆக, ஆமோஸின் அதிர்ச்சி இங்கேயும் வந்திருக்கிறது என்கிறார்கள்.

எதிரே ஒலிவமலை. அது கிழக்கு மேற்காகப் பிளக்கும், உசியா காலத்துப் பூமியதிர்ச்சிக்கு ஓடியதுபோல ஓடுவீர்கள் என்று சகரியா புத்தகத்தில் வருகிறது. இருநூறு வருஷத்துக்கு மேல் கழிந்தும் ஜனங்களுக்கு அந்த ஓட்டம் மறக்கவில்லை. அப்புறம் முதலாம் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் ஒரு காரணத்தையும் ஒட்டிவைக்கிறார்: உசியா ராஜா ஆலயத்துக்குள் நுழைந்து தூபங்காட்டத் துணிந்தான், அந்த நொடியே நிலம் அதிர்ந்தது. பழைய ஏற்பாட்டின் நாளாகமப் புத்தகத்தில் உசியாவின் தூபக் கதை இருக்கிறது, குஷ்டம் இருக்கிறது, நிலநடுக்கம் இல்லை. ஆமோஸிலோ நிலநடுக்கம் இருக்கிறது, தூபம் இல்லை. நடந்து முடிந்த அழிவுக்குப் பின்னால் போய் ஒரு பாவியைத் தேடிப் பிடிக்கிற வழக்கம் அப்போதே வந்துவிட்டது.

ராத்திரி விடுதியில் 1915-இன் வெட்டுக்கிளிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் மார்ச்சில் எருசலேம்மீது வெட்டுக்கிளி இறங்கியது. இங்கே குடியேறியிருந்த அமெரிக்கக் காலனியினர் மாதக்கணக்கில் படமெடுத்தார்கள், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். ஒரே அத்திமரம் இரண்டு படங்களில். முதலில் இலை அடர்ந்து, அடுத்ததில் வெறும் கிளை. அத்திமரத்தை உரித்துப்போட்டது, அதன் கிளைகள் வெளுத்தன என்று யோவேல் எழுதியதைப் படமாகவே பார்க்க முடிகிறது.

யோவேலில் ஒரு விசேஷம். பூச்சி வந்தது கர்த்தருடைய நாளின் முன்னடி என்கிறார், உபவாசம் இருங்கள் என்கிறார், வஸ்திரத்தையல்ல, இருதயத்தைக் கிழியுங்கள் என்கிறார். ஆனால் இன்ன பாவத்துக்காக வந்தது என்று புத்தகம் முழுவதும் தேடினாலும் கிடையாது. ஆலயத்தில் படைக்க மாவும் திராட்சரசமும் இல்லை, மாடு மேய்ச்சலில்லாமல் கத்துகிறது, அழுங்கள். அவ்வளவுதான். பாவத்தின் பட்டியலைத் தயாராக வைத்திருப்பவர்களுக்கு யோவேல் உதவ மாட்டார்.

வெள்ளி, தெக்கோவா – சாக்கடல்

வெள்ளி சாயங்காலம் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் பஸ் நின்றுவிடும் என்பதால் அதே டாக்சிப் பெரியவரையே பிடித்துக்கொண்டோம். காலையில் வெளியே வந்ததுமே கண் எரிந்தது. வானம் மஞ்சளும் சாம்பலுமாக, கிழக்கிலிருந்து அனல் காற்று. பெரியவர் "கம்சின்" என்று சொல்லிக் கண்ணாடிகளை ஏற்றினார். வசந்தத்திலும் மழைக்காலம் தொடங்குமுன்னும் பாலைவனத்திலிருந்து வருகிற காற்று இது. திங்களன்று கர்மேல் சரிவுகளில் பச்சையாகப் பார்த்த புல் இங்கே தொட்டால் பொடிந்தது. கீழ்காற்று வரும், ஊற்று வற்றும் என்று ஓசியா மிரட்டியதும், புல் உலர்ந்து பூ உதிரும் என்று ஏசாயா சொன்னதும் இந்தக் காற்றைத்தான். எரேமியா இன்னும் நுணுக்கம்: தூற்றவும் சுத்திகரிக்கவும் உதவாத காற்று என்கிறார். களத்தில் நின்றவனுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

ஆமோஸின் சொந்த ஊரான தெக்கோவா பெத்லகேமுக்குத் தெற்கே, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 800 மீட்டர் மேலே. இடிபாடுகளில் பார்க்க அதிகமில்லை. பாறையில் வெட்டிய ஒரு மழைநீர்த் தொட்டியின் வாயில் மட்டும் நின்றுவிட்டேன். விளிம்புக் கல்லில் கயிறு உரசி உரசி விரல் நுழையும் ஆழத்துக்குப் பள்ளங்கள். எரேமியாவின் 14-ஆம் அதிகாரத்தில் பெரிய மனுஷர் தங்கள் சிறுவர்களைத் தண்ணீருக்கு அனுப்புவார்கள். பையன்கள் வெறும் பாத்திரத்தோடு திரும்பி, வெட்கி, தலையை மூடிக்கொள்வார்கள். அந்த வறட்சியில் மான்கூட ஈன்ற குட்டியை விட்டுவிட்டு ஓடும். காட்டுக்கழுதை மேட்டில் நின்று மூச்சு வாங்கும். இவ்வளவையும் எழுதிவிட்டு எரேமியா ஜனங்களுக்காக மன்றாடப் போகிறார். வேண்டாம், இவர்களுக்காக விண்ணப்பம் பண்ணாதே என்று கர்த்தர் தடுக்க வேண்டியிருக்கிறது, அதுவும் புத்தகத்தில் மூன்றாம் தடவையாக. அந்த மனுஷன் கேட்டபாடில்லை, அதே அதிகாரத்திலேயே மறுபடி கெஞ்சுகிறார்.

மேற்கே பார்த்தால் வயல், கிழக்கே பார்த்தால் வெட்டவெளி. எருசலேமில் வருஷத்துக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை, சாக்கடல் கரையில் 100-ஐத் தொடாது. இடையில் தூரம் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. மழை முடிகிற இடம் ஆமோஸுக்கு வாசற்படியிலேயே தெரிந்திருக்கும். அவர் பராமரித்த காட்டத்தி மரம் இந்த உயரத்துக் குளிரில் வளராது. ஆடு மேய்த்ததுபோக, தாழ்நிலத்துக்கு இறங்கிப்போய் ஒவ்வொரு காயாகக் கீறிவிட்டுப் பழுக்கவைக்கிற வேலையும் பார்த்திருக்கிறார். சமாரியாவின் தந்தக் கட்டிலைப் பற்றிப் பேச அவருக்கு என்ன தகுதி என்று வட இஸ்ரவேல் ராஜாவின் ஆலயம் இருந்த பெத்தேலின் பூசாரி துரத்தியதில் ஆச்சரியமில்லை.

அங்கிருந்து சுற்றிக்கொண்டு கீழே, காது அடைக்க அடைக்க, கடல்மட்டத்துக்குக் கீழே 430 மீட்டர். என்கேதியின் பழைய குளியல் கரையை 2015-லேயே மூடிவிட்டார்கள். கம்பிவேலி, எச்சரிக்கைப் பலகை, உள்ளே இடிந்து விழுந்த நிலம். யோர்தான் ஆற்றின் தண்ணீரைச் சுற்றியுள்ள நாடுகள் மேலேயே எடுத்துக்கொள்கின்றன, தெற்கே தாது எடுக்கும் ஆலைகள் மிச்சத்தைப் பாத்தியில் காயவைக்கின்றன, கடல் வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. கடல் பின்வாங்கிய இடத்தில் நிலத்தடி நன்னீர் புகுந்து பழைய உப்புப் படுகையைக் கரைக்க, மேலே இருக்கிற நிலம் திடீரென்று உள்வாங்கும். இப்படி ஆயிரக்கணக்கில் குழிகள். ஆமோஸ் இருந்தால் யாரைக் கேட்பார் என்று யோசித்தேன். யோர்தானில் மோட்டார் வைத்திருப்பவர்களைத்தான். குழிக்கு நிலத்தைப் பறிகொடுத்த பேரீச்சைத் தோட்டக்காரரை இல்லை.

அண்ணாச்சிக்கு இன்றுதான் பண்டிகை. ஓடை அரித்த ஒரு கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "தம்பி, இங்க வாங்க. வெள்ளைக் கோடு கோடையில படிஞ்சது, கறுப்புக் கோடு மழைவெள்ளம் கொண்டாந்த சேறு. ரெண்டும் சேந்தா ஒரு வருஷம்." காகித கனத்தில் கோடு கோடாகப் போகிறது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடுகள் கலைந்து, குழம்பி, மேலே மறுபடி ஒழுங்காக ஆரம்பிக்கின்றன. நிலநடுக்கம் ஏரியின் அடிமண்ணைக் கலக்கிய தடம். சாக்கடல் கரைப் படிவுகளில் கி.மு. 8-ஆம் நூற்றாண்டுக்கு உரிய இப்படிப்பட்ட அடுக்கையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இது அதுதானா என்று கேட்டேன். "கரியைச் சோதிச்சாத்தான் தெரியும். சும்மா ஆமோஸ்னு எழுதிப்புடாதீங்க" என்று எழுந்துவிட்டார்.

எசேக்கியேலின் கடைசித் தரிசனங்களில் ஒன்று இந்தக் கரையைப் பற்றியதுதான். ஆலயத்தின் வாசலுக்குக் கீழிருந்து ஊறும் தண்ணீர் கிழக்கே இறங்கி, சாக்கடலில் விழுந்து அதை நன்னீராக்கும். என்கேதியில் வலை காயவைப்பார்கள், கரையெல்லாம் மாதாமாதம் காய்க்கும் மரங்கள். நடுவில் ஒரு வசனம்: சேற்று நிலங்களும் சதுப்புகளும் மட்டும் நன்னீராகாது, உப்புக்காக விடப்படும். சொர்க்கம்போல ஒரு காட்சியை எழுதிக்கொண்டு போகையில் அடுக்களைக்கு உப்பு வேண்டுமே என்ற நினைப்பு எந்த மனுஷனுக்கு வரும்? பெரியவரிடம் இதைச் சொன்னதற்கு, அவருடைய பாட்டி இந்தக் கரையிலிருந்துதான் வீட்டுக்கு உப்பு கொண்டுவருவாளாம் என்றார்.

நாளை விமானம். படங்கள் எல்லாம் அண்ணாச்சி போனில் இருக்கின்றன, ஊருக்குப் போய்ப் போடுகிறேன்.